தங்கம் தோண்டியவரும் பாதை திறந்தவரும்

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றபோது ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். ஐந்து வருடம் வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். "நானா, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. இப்போது எந்த வியாபாரத்தில் போட்டால் நல்லது?" என்று கேட்டார். "எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்து நீங்களும் ஓட வேண்டாம் தம்பி. ஓடுகிறவர்களுக்கு வழியில் என்ன தேவைப்படுகிறது என்று பாருங்கள்" என்றேன். நான் ஏதோ மழுப்புகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்காகவும், அதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் ஏனைய வாசகர்களுக்காகவும் இந்த வாரம் ஒரு சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். இது 1890களில் மேற்கு அவுஸ்திரேலியாவின் தங்க வயல்களில் நடந்தது. அங்கே தங்கத்தைக் கண்டவர்கள் வெள்ளையர்கள். அந்தத் தங்க வயல்களுக்கு உணவையும் உபகரணங்களையும் கொண்டு சேர்த்த பாதைகளில் முன்னின்று உழைத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களுடைய உயர்விலும் வீழ்ச்சியிலும் எமது வியாபாரிகளுக்குப் படிப்பினை இருக்கிறது.

தங்கம் இருந்தது, வழி இருக்கவில்லை

மேற்கு அவுஸ்திரேலியா அப்போது பிரித்தானியாவின் ஒரு குடியேற்ற நாடு. 1890இல்தான் அதற்குச் சுயாட்சி கிடைத்தது. இலங்கையைப் போல் முப்பது மடங்குக்கும் கூடிய பரப்பு. ஆனால் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர்தான் இருந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் கரையோரத்தில்.

1892 செப்டெம்பரில் ஆர்தர் பெய்லி, வில்லியம் போர்ட் என்ற இருவர் கூல்கார்டி என்னும் இடத்தில் தங்கத்தைக் கண்டார்கள். பெய்லி 554 அவுன்ஸ் தங்கத்துடன் குதிரையேறி, மேற்கே சதர்ன் குரொஸ் என்ற சிறு சுரங்க ஊருக்குச் சென்று தமது நிலத்தைப் பதிவு செய்தார். 554 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 17 கிலோ. செய்தி பரவியதும் சதர்ன் குரொஸ் ஊரே கூல்கார்டியை நோக்கி ஓடியது. அடுத்த வருடம் ஜூன் மாதத்தில் பெடி ஹனன் என்பவரும் அவரது கூட்டாளிகளும் கூல்கார்டிக்கு அப்பால் கல்கூர்லியில் இன்னும் பெரிய தங்கப் படிவுக்கு வழிகாட்டினார்கள். 1901இல் அந்த நாட்டின் சனத்தொகை ஒரு இலட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்து வருடத்தில் மூன்று மடங்குக்கும் மேல்!

இத்தனை பேருக்கும் மா, தேயிலை, டின் மீன், கூடாரம், மண்வெட்டி, இயந்திரம் எல்லாம் வேண்டும். தலைநகர் பேர்த்தில் இருந்து கூல்கார்டி 550 கிலோமீற்றர் அளவு தூரம். கிழக்குப் பக்கம் ரயில் பாதை பேர்த்தில் இருந்து 100 கிலோமீற்றர் அளவில் நோர்தம் பகுதியுடன் நின்றிருந்தது. அது சதர்ன் குரொஸ் வரை நீண்டது 1894இல்தான். அதற்கப்பால் இன்னும் 190 கிலோமீற்றர் அளவு மணல் பாதை. வழியில் ஆறு கிடையாது. ஏரிகள் உண்டு, ஆனால் அவை உப்பு ஏரிகள்.

இந்தப் பாதைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1864 முதல் 1866 வரை சார்ள்ஸ் ஹன்ட் என்ற நில அளவையாளர் கிழக்கே பயணித்து, கருங்கற் பாறைகளின் அடியில் மழைநீர் தங்கும் இடங்களைப் பார்த்துக் கிணறுகள் வெட்டி வைத்திருந்தார். அவர் தேடியது தங்கத்தை அல்ல, மேய்ச்சல் நிலத்தை. ஆனால் சுமார் முப்பது வருடம் கழித்துத் தங்கம் தேடி ஓடியவர்கள் உயிர் பிழைத்தது அந்தக் கிணறுகளால். அவருக்கும் முன்னரே, எண்ணற்ற தலைமுறைகளாக, அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பாறைக் குழிகளில் நீரைச் சேமித்து, அதை மூடிப் பாதுகாத்து வாழ்ந்து வந்தார்கள். பாதை என்பது உண்மையில் ஒரு நீர்நிலையில் இருந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும் கோடுதான்.

குதிரை குடிக்கும் தண்ணீருக்கு ஒரு கணக்கு

வியாபாரிகள் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலை செய்யும் குதிரை ஒன்று வெயிலில் ஒரு நாளைக்குப் பத்துக் கலன், அதாவது 45 லீற்றர் அளவு தண்ணீர் குடிக்கும். ஆறு குதிரை பூட்டிய ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 60 கலன். தங்க வயல்களில் உப்பு நீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிரச் செய்து குடிநீர் எடுத்து விற்றார்கள். வறட்சிக் காலத்தில் அந்த நீர் ஒரு கலன் ஒரு ஷில்லிங்குக்கும் அதற்கு மேலும் விலை போனது. ஒரு ஷில்லிங் என்றே வைத்துக்கொண்டாலும் 60 கலன் 60 ஷில்லிங், அதாவது மூன்று பவுண். 190 கிலோமீற்றர் தூரத்துக்கு எட்டு நாள் பயணம் என்றால் 24 பவுண். அன்று ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு வாரச் சம்பளம் மூன்றரை, நான்கு பவுண்தான். குதிரையின் தீனியையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த அளவுக்கு வாடகைச் சுமை குறையும். திரும்பி வரும்போது வண்டியில் சுமை இராது. ஆனால் குதிரை குடிக்கத்தான் செய்யும்.

ஒட்டகத்தின் கணக்கு வேறு. நல்ல ஆண் ஒட்டகம் 400 கிலோ அளவு சுமக்கும். எட்டு ஒட்டகம் சேர்ந்தால் மூன்று தொன்னுக்கு மேல். பல நாட்கள் தண்ணீர் இல்லாமல் நடக்கும். வழியில் உள்ள முட்செடியையும் உப்புச் செடியையும் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். வண்டி தேவையில்லை, எனவே சக்கரம் மணலில் புதையும் பிரச்சினையும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரேயடியாக நூறு லீற்றர் குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வழியில் நாளுக்கு நாள் கொடுக்க வேண்டிய செலவு விழுந்துவிடுகிறது. போக்குவரத்துத் தொழிலில் இலாபம் வாடகைப் பணத்தில் இருப்பதை விட, வழிச் செலவைக் குறைப்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒட்டகைக்காரர்கள்

ஒட்டகமும் ஒட்டகைக்காரரும் அவுஸ்திரேலியாவுக்குப் புதியவர்கள் அல்லர். 1866இல் தோமஸ் எல்டர் என்ற தனவந்தர் கராச்சியில் இருந்து 120க்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும், அவற்றை நடத்தும் ஆட்களையும் தென் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஒகஸ்டா துறைமுகத்தில் இறக்கியிருந்தார். பொதுவாக எல்லோரையும் 'ஆப்கானியர்' என்று அழைத்தாலும் அவர்களில் பலூசிகள், பஞ்சாபிகள், சிந்திகள், பெஷாவர் பக்கத்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். பலர் மூன்று வருட ஒப்பந்தத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வந்தவர்கள். வளைகுடாவுக்குப் போன நமது பிள்ளைகளின் நிலையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவர்களில் முதலாளிகளாக உயர்ந்தவர்களும் உண்டு. பைஸ் முஹம்மத், தாக் முஹம்மத் என்ற சகோதரர்கள் தென் அவுஸ்திரேலியாவின் மறீ என்ற ஊரில் ஒட்டகப் போக்குவரத்து நடத்தி வந்தார்கள். கூல்கார்டித் தங்கச் செய்தி கிடைத்ததும் அவர்கள் மண்வெட்டியுடன் ஓடவில்லை. நூற்றுக்கணக்கான ஒட்டகங்களுடன் மேற்கே தொழிலை விரித்தார்கள். தங்கம் கிடைக்குமா கிடைக்காதா என்பது தோண்டுகிறவனின் கவலை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவன் சாப்பிட வேண்டும். சுமை கொண்டுபோனவனுக்குக் கூலி நிச்சயம்.

ஆனால் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். அவர்கள் விரும்பியிருந்தாலும் தோண்டியிருக்க முடியாது. 1886ஆம் ஆண்டின் தங்க வயல் சட்டம், ஆசிய, ஆபிரிக்க இனத்தவருக்குச் சுரங்க அனுமதிப் பத்திரம் வழங்குவதைத் தடுத்தது. பின்னர் வந்த சட்டமும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பாதை மட்டும்தான் அவர்களுக்கு விடப்பட்டிருந்த தொழில்.

அந்தத் தொழிலிலும் நிம்மதி இருக்கவில்லை. குதிரை வண்டிக்காரர்களின் வாடகை குறைந்ததால் ஒட்டகைக்காரர் மீது பகை வளர்ந்தது. ஒட்டகங்களைக் கண்டு குதிரைகள் மிரளுகின்றன என்றார்கள். நீர்நிலைகளை அசுத்தப்படுத்துகிறார்கள் என்றார்கள். 1894இல் எஸ்பரன்ஸ் துறைமுகத்தில் இருந்து போகும் வழியில், ஒரு நீர்நிலையில் எழுந்த தகராறில் வெள்ளையர் ஒருவர் இரண்டு ஒட்டகைக்காரர்களைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நீர்நிலை பற்றிப் பேசும்போது அதன் உண்மையான உரிமையாளர்களை மறக்கக் கூடாது. பழங்குடி மக்கள் கோடைக்கென்று காத்து வைத்திருந்த நீரைச் சுரங்கக்காரரின் குதிரைகளும் ஒட்டகைக்காரரின் ஒட்டகங்களும் சேர்ந்தே குடித்துத் தீர்த்தன. நீர் இருக்கும் இடத்தைக் காட்டும்வரை பழங்குடியினரைப் பிடித்துக் கட்டி வைத்த வெள்ளையப் பயணிகளும் இருந்தார்கள். நீரைப் பொதுச் சொத்தாக மதிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. நமது சகோதரர்கள் அநீதிக்கு உள்ளானார்கள் என்று சொல்லும் அதே வாயால், அவர்கள் போன பாதையில் வேறொரு சமூகம் தாகத்தில் தவித்தது என்பதையும் சொல்வதுதான் நியாயம்.

பாதை யாருடைய வாசலுக்கு?

தங்க வயலுக்குக் கிட்டிய துறைமுகம் தெற்கே உள்ள எஸ்பரன்ஸ். அங்கிருந்து கூல்கார்டிக்கு ஏறக்குறைய 360 கிலோமீற்றர். பேர்த்துக்குப் பக்கத்தில் உள்ள பிரிமண்டில் துறைமுகத்தில் இருந்து 560 கிலோமீற்றரைத் தாண்டும். ஆனால் அரசாங்கம் ரயில் பாதையைப் பேர்த் பக்கமிருந்துதான் போட்டது. எஸ்பரன்ஸ் பாதை திறந்தால் பொருட்கள் அயல் குடியேற்ற நாடுகளின் வியாபாரிகளிடமிருந்து நேரே போய்விடும், பேர்த், பிரிமண்டில் வியாபாரிகளின் கடை வெறிச்சோடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. தங்க வயல் மக்கள் தனி நாடாகப் பிரிய வேண்டும் என்று 1900இல் மகாராணிக்கு மனுக் கொடுக்கும் அளவுக்கு ஆத்திரப்பட்டதில் இந்த விடயமும் ஒன்று. எஸ்பரன்ஸுக்கு ரயில் தொடர்பு முழுமையடைந்தது 1927இல்! அதற்குள் தங்க வேட்டையின் பொற்காலம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. வரைபடத்தில் குறுகிய பாதை என்பதை நம்பி எஸ்பரன்ஸில் காணி வாங்கியவர்கள் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்டவாளம் வந்தபோது

1896 ஜனவரி 10ஆம் திகதி, கூல்கார்டிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தபோது தாக் முஹம்மத் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவரும் ஒட்டகைக்காரர்களில் ஒருவர்தான். அதே வருடம் மார்ச் மாதத்தில் கூல்கார்டிக்கு ரயில் வந்தது. செப்டெம்பரில் கல்கூர்லிக்கும் வந்துவிட்டது. ஒட்டகம் பல நாள் நடந்த தூரத்தை ரயில் ஒரு நாளைக்குள் கடந்தது. சதர்ன் குரொஸில் இருந்து கூல்கார்டி வரையிலான பாதையின் வாடகைத் தொழில் அத்துடன் தீர்ந்தது.

தண்ணீர் விற்றவர்களுக்கும் அதே கதைதான் நேர்ந்தது. பொறியியலாளர் ஓகொனர் திட்டமிட்ட குழாய், பேர்த் அருகே மன்டறிங் அணையில் இருந்து எட்டு நீரேற்று நிலையங்களின் உதவியுடன் 530 கிலோமீற்றர் தூரம் கடந்து, 1903 ஜனவரியில் கல்கூர்லியை அடைந்தது. அந்த நாளைக் காண ஓகொனர் இருக்கவில்லை. கடுமையான விமர்சனங்களுக்கு நடுவே 1902 மார்ச்சில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குழாய் நீர் வந்த பின், கலன் ஒரு ஷில்லிங்குக்கு நீரை யார் வாங்குவார்?

ஒட்டகைக்காரர்கள் என்ன செய்தார்கள்? கெட்டிக்காரர்கள் ரயிலுடன் போட்டி போடவில்லை. ரயில் நின்ற இடத்தில் இருந்து தமது பயணத்தை ஆரம்பித்தார்கள். ரயில் இறக்கிய மூட்டையை அதற்கப்பால் உள்ள சிறு சுரங்கங்களுக்குக் கொண்டு போனார்கள். 1898இல் ரயில் மென்சிஸ் ஊருக்கு வந்ததும் அதற்கும் அப்பால் நகர்ந்தார்கள். 1917இல் முடிந்த பெரிய கிழக்கு மேற்கு ரயில் பாதையைப் போடுவதற்கே ஒட்டகங்கள் பொருள் சுமந்தன. இப்படி இன்னும் முப்பது வருட ஆயுள் அந்தத் தொழிலுக்குக் கிடைத்தது. 1920களில் மோட்டார் லொறி வந்தபோதுதான் 'அப்பால்' என்று ஒரு இடமே இல்லாமல் போனது. 1925இல் தென் அவுஸ்திரேலியா, உரிமையாளர் இல்லாத ஒட்டகங்களை அழிப்பதற்குச் சட்டமே கொண்டுவந்தது. பலர் தாங்கள் பிள்ளை போல் வளர்த்த மிருகங்களைச் சுட மனமின்றிக் காட்டில் விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே திரிகின்றன.

1901இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1903இல் ஆசியருக்குப் பிரஜாவுரிமையை மறுத்த சட்டமும் வந்ததால் பலரால் வேரூன்ற முடியவில்லை. ஆனாலும் 1905இல் பேர்த் நகரில் பைஸ் முஹம்மத் அடிக்கல் நாட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. ஒட்டக வாடகையில் சம்பாதித்த காசில் எஞ்சி நிற்பது அதுதான்.

எனது சொந்தப் பாடம்

இதை நான் புத்தக அறிவாக மட்டும் எழுதவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் கப்பலில் போயின. அந்த நாட்களில் நானும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து பொருள் அனுப்பினோம். வாடகை அதிகம், தாமதம் அதிகம், விலையும் அதிகம். நல்ல இலாபம் வந்தது. அது எனது திறமையால் வந்த இலாபம் என்று நினைத்தேன். உண்மையில் அது மூடியிருந்த வீதி தந்த இலாபம். 2009இல் வீதி திறக்கத் தொடங்கியபோது கூடிய விலைக்குக் கொள்வனவு செய்த சரக்கு எனது களஞ்சியத்தில் நிறைந்திருந்தது. இரண்டு மாதத்தில் அதன் பெறுமதி பாதியாகியது. ஒருவரையும் குறை சொல்ல முடியாது. வீதி ஒரு நாள் திறக்கும் என்று நாடே பிரார்த்தித்துக் கொண்டிருந்தபோது, நான் மட்டும் திறக்காது என்பது போல் சரக்கு வாங்கியிருந்தேன். அதை நினைத்தால் நட்டத்தை விட வெட்கம்தான் அதிகம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. பலர் ஒரே தொழிலுக்கு ஓடும்போது அவர்களுக்குச் சேவை செய்யும் தொழிலைத் தேடுங்கள். தங்கம் கிடைக்காதவனும் மா வாங்கினான்.

2. வரவை விட வழிச் செலவை முதலில் எழுதுங்கள். எரிபொருள், ரயர், வெறுமையாகத் திரும்பும் பயணம் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். குதிரைக்காரன் தோற்றது அங்கேதான்.

3. உங்கள் இலாபம் ஒரு தட்டுப்பாட்டினால் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அந்தத் தட்டுப்பாடு நீங்கும் நாளை எதிர்பார்த்து இருங்கள். சரக்கைக் குறைத்து வையுங்கள், கடன் வாங்காதீர்கள், நல்ல வருடத்தின் இலாபத்தில் ஒரு பகுதியை வேறு நிலையான தொழிலில் போடுங்கள்.

4. புதிய பாதை வந்தால் அதனுடன் மோத வேண்டாம். அது முடியும் இடத்தில் உங்கள் தொழிலைத் தொடங்குங்கள்.

5. பாதை எங்கே போகும் என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யாருடைய கடைக்கு அதனால் இலாபம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வரைபடத்தை நம்பிக் காணி வாங்க வேண்டாம்.

6. நாம் கடந்து போகும் ஊரவரின் உரிமையை மதியுங்கள். அடுத்தவர் கிணற்றை வற்றச் செய்து தேடிய செல்வத்தில் பரக்கத் இருக்காது.

அந்த இளைஞர் இதை வாசித்தால் ஒரு விடயம் சொல்ல விரும்புகிறேன். தம்பி, கையில் உள்ள காசை உடனே எதிலும் போட வேண்டாம். ஒரு மாதம் உங்கள் ஊர்ச் சந்திக்குப் போய் நில்லுங்கள். எந்த லொறி நிறைந்து வருகிறது, எது வெறுமையாகப் போகிறது, எந்தப் பொருளைத் தேடி மக்கள் அடுத்த ஊருக்குப் போகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு கொப்பியுடன் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.